சிற்றலையும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் இருப்புப் பாதை, உள்நாட்டில் வெட்டியெடுத்த ஈயத்தைக் கப்பல் துறைக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்று 1886ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆயினும், இந்நாட்டுத் தமிழர் வானொலி கேட்ட சரித்திரத்தை எழுதப் புகுகிறவனும் அந்தப் பாதையை ஒட்டியே நடக்க வேண்டியிருக்கிறது. ரயில்வே உத்தியோகஸ்தர்களின் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸுக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புக்கிட் பெட்டாலிங் குன்றிலிருந்துதான், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், கோலாலம்பூர் அமெச்சூர் வானொலிச் சங்கத்தார் தங்கள் சொந்தச் செலவில் சிறு ஒலிபரப்பொன்றை நடத்தி வந்தார்கள். அதே பாதையில் கிள்ளான் பக்கமாகச் சில நிமிஷம் பிரயாணம் செய்தால், 1968இல் திறந்து வைக்கப்பட்ட அங்காசாபுரி மாளிகை, தன் பெயரையே தாங்கிய ரயில் நிறுத்தத்துடன் எதிர்ப்படுகிறது. தெற்கே காஜாங்கில், அந்த மாளிகையில் பேசியதையும் பாடியதையும் ஆகாயத்தில் ஏற்றிவிட்ட சிற்றலைக் கம்பங்கள் பல்லாண்டு நின்றன. இந்த எல்லைக்குள் வாழ்ந்த தமிழன் தன் வீட்டுப் பெட்டியில் கேட்ட தமிழோ, லண்டன், தில்லி, கொழும்பு, சிங்கப்பூர், ரங்கூன், பீக்கிங் என்று பல ராஜதானிகளிலிருந்து, பல நோக்கங்களோடு வந்து சேர்ந்த தமிழ். அது யாரால், எதற்காக அனுப்பப்பட்டது, பின்பு ஏன் நின்றது என்பவற்றை ஆராய்ந்தால், சர்வதேச ஒலிபரப்பு என்ற பெரிய விஷயத்தின் உள்ளமைப்பே நமக்கு ஒருவாறு புலனாகும்.

சிற்றலை என்பது முதலில் எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய நிலமாக இருந்தது. தூரதேசத்துக்குச் செய்தி அனுப்ப நீண்ட அலைகளே ஏற்றவை என்று நிபுணர்கள் நம்பிய காலத்தில், 1912ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் 200 மீட்டருக்குக் குறைந்த அலைகளை, எதற்கும் உதவாதவை என்ற எண்ணத்தில், அமெச்சூர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த அமெச்சூர்களோ, 1923 நவம்பரில் ஏறக்குறைய நூறு மீட்டர் அலையில் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தின் இரு கரைகளிலிருந்தும் பரஸ்பரம் செய்தி பரிமாறி, நிபுணர்களைத் திகைக்க வைத்தார்கள். பூமிக்கு வெகு உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருப்பதை 1924இல் ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பரிசோதனையால் நிரூபித்த பிறகே இதன் காரணம் விளங்கிற்று. சிறுவர்கள் குளத்தில் எறியும் சில்லு நீரைத் தொட்டுத் தொட்டுத் தத்திச் செல்வதுபோல, சிற்றலையானது அந்த அடுக்குக்கும் பூமிக்குமாக மாறி மாறித் தத்திப் பல்லாயிரம் மைல் கடந்துவிடுகிறது. சூரியனுடைய போக்கை அனுசரித்து அந்த அடுக்கு பகலில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் இருப்பதால், காலையில் தெளிவாகக் கேட்கும் அலைவரிசை மாலையில் மங்கிவிடும். ஒரே நிலையம் நேரத்துக்கு நேரம் மீட்டரை மாற்றிக் கொள்ள வேண்டிய அவசியமும் அதனாலேயே ஏற்பட்டது.

இந்தச் சக்தியை முதலில் உபயோகப்படுத்திக் கொண்டவர்கள், தூர தேசங்களில் குடியேற்றம் வைத்திருந்த ராஜ்யத்தார். 1927இல் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் கம்பெனியார், மலாயாவுக்கு அடுத்த வீடான கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த தங்கள் ஜனங்களுக்காக ஐந்தோவன் நகரிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். பிரிட்டிஷார் 1932 டிசம்பர் 19ஆம் நாள் தங்கள் ‘எம்பயர்’ ஒலிபரப்பைத் தொடங்கி, அடுத்த வாரமே கிறிஸ்துமஸ் தினத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை உலகெங்கும் பேச வைத்தார்கள். சிங்கப்பூரின் கால்டிகாட் குன்றில் 1937இல் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டது. இவை பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்களின் ஊர் ஏக்கத்தைத் தீர்ப்பதற்கென்று தோன்றியவை. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் குடியிருந்த பால்மரத் தொழிலாளியை அப்போது எவரும் நேயராக நினைக்கவில்லை. அவனிடம் பெட்டி வாங்கப் பணமும் இல்லை, பெட்டிக்குக் கொடுக்க மின்சாரமும் இல்லை. தமிழர்களுள் வானொலிப் பெட்டி முதலில் நுழைந்த இடம், ரயில்வேயிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் குமாஸ்தாக்களாக இருந்த பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத்தார், நகரத்து வர்த்தகர்கள், தோட்டத்துப் பெரிய கிராணிமார் ஆகியோருடைய முன்கூடமே.

அந்தக் காலத்துப் பெட்டியை இயக்குவது ஒரு சிறிய பூஜைக்குரிய நியமத்தோடு நடந்தது. கூரைக்கு மேலே மூங்கில் நட்டுப் பீங்கான் குமிழ்களுக்கிடையே இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி ஒன்று சன்னல் வழியாக உள்ளே இறங்கும். மற்றொரு கம்பி மண்ணில் புதைந்திருக்கும். விசையைத் திருப்பியதும் சப்தம் வந்துவிடாது. வால்வுகள் சூடேறிச் செந்நிறமாக ஒளிரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடித் தகட்டின் பின்னே விளக்கு எரிய, லண்டன், தில்லி, கொழும்பு, பத்தேவியா, சைகோன் என்ற பெயர்கள் தெரியும். குமிழைத் திருப்பும் விரல் ஒரு நூலிழை அதிகம் நகர்ந்தால் போதும், தமிழ் போய்ச் சீனம் வந்துவிடும். மேஜிக் ஐ என்ற பச்சை ஒளிக்கண் உள்ள பெட்டியானால், அதன் இமைகள் ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்த்து நிலையம் சரியாக அகப்பட்டதை அறியலாம். மாலை வேளையில் இடி மின்னல் ஓயாத இந்தப் பள்ளத்தாக்கில், ஒவ்வொரு மின்னலும் பெட்டிக்குள் படபடவென்று பொரியும்; அந்த இரைச்சலின் ஊடே செய்தி வாசிப்பவரின் குரல் எழுந்தும் அமிழ்ந்தும் வரும்போது, விட்டுப்போன சொற்களைக் கேட்பவரே ஊகித்து நிரப்பிக் கொள்ள வேண்டியதுதான்.

1941ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் லண்டன் பி.பி.சி. நிலையம் தமிழில் பேசத் தொடங்கிற்று. யுத்தம் மும்முரமாகி, இந்தியர்களுடைய மனத்தைத் தம் பக்கம் நிறுத்திக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் பிரிட்டிஷாருக்கு ஏற்பட்டதே அதற்குக் காரணம். அதே மே மாதத்தில் கிள்ளானில் நடந்ததையும் இங்கே நினைவு கூர வேண்டும். கூலி உயர்வு கேட்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பது போன்ற அவமதிப்புகளை எதிர்த்தும் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய தலைவரும், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணிபுரிந்தவருமான ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். லண்டனில் ஒலிபரப்பைத் தொடங்கியவர்களுக்கும் கிள்ளானில் பட்டாளத்தை ஏவியவர்களுக்கும் நேரான தொடர்பு எதுவும் கிடையாது. ஆயினும், ஒரே சாம்ராஜ்யம் ஒரே மாதத்தில் தமிழனிடம் நயமாகப் பேசவும், தமிழனை நோக்கிச் சுடவும் செய்தது என்பது, தூரத்துக் குரலை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கு இந்த வட்டாரத்தார் பெற்ற முதல் பாடம் என்று சொல்வது மிகையாகாது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே ஜப்பானியர் மலாயா முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பியவர்கள், வானொலிப் பெட்டியையும் தங்கள் வசத்துக்குத் திருப்பினார்கள். சிற்றலை கேட்கும் உறுப்பைச் செயலறச் செய்து, உள்ளூர் நிலையத்தை மட்டும் கேட்கும்படி பெட்டிகளைக் கட்டுப்படுத்தினார்கள். எதிரி நாட்டு ஒலிபரப்பை ஒளிந்து கேட்பவன் கெம்பித்தாய் என்னும் ராணுவப் போலீஸாரிடம் அகப்பட்டால் சித்திரவதைக்கு ஆளாவான். பேராக் மாநிலத்துப் பாப்பான் என்ற சிற்றூரில், டாக்டர் கதிகாசுவின் மனைவியார் சிபில் கதிகாசு, ‘ஜோசபின்’ என்ற செல்லப் பெயரிட்டு மறைத்து வைத்த பெட்டியில் லண்டன் செய்தியைக் கேட்டு வந்தார். காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு வைத்தியமும் செய்தார். 1943இல் பிடிபட்டுக் கொடிய துன்பங்களை அனுபவித்த அவர், பின்னர் ஜார்ஜ் பதக்கம் பெற்று, அந்தக் காயங்களின் விளைவாகவே 1948இல் உயிர் நீத்தார். அவர் போன்றோர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்த அந்த நாட்களில், லண்டனில் பி.பி.சி.யின் கீழ்த்திசைப் பிரிவில் உத்தியோகம் பார்த்து, ஜப்பானியர் வசப்பட்ட மலாயாவுக்கென்று ஆங்கிலச் செய்தி மடல்களும், தமிழில் மொழிபெயர்த்து வாசிப்பதற்கென்று வேறு சில மடல்களும் எழுதியவர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஆர்வெல் என்பது பலரும் அறியாத செய்தி. பொய்ப் பிரசாரத்தின் சூட்சுமங்களைத் தம் நாவலில் அம்பலப்படுத்திய அந்த எழுத்தாளர், பிரசார இலாகாவின் உள்ளேயே அமர்ந்து அந்தத் தொழிலைக் கற்றவர்.

எதிர்த்திசையிலிருந்தும் தமிழ் ஒலித்தது. 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த சுபாஷ் சந்திர போஸ், ஜெர்மனியில் தாம் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வானொலியைச் சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் தொடர்ந்து நடத்தினார். அதன் பாஷைகளுள் தமிழும் ஒன்று. பத்திரிகைத் தொழிலில் தேர்ந்த தமிழரான எஸ். ஏ. ஐயர், போஸ் அமைத்த ஆசாத் ஹிந்த் சர்க்காரின் பிரசார மந்திரியாக இருந்தார். கோலாலம்பூரில் போஸ் பேசியதைக் கேட்ட மாத்திரத்தில், அப்போது பதினெட்டு வயது நிரம்பிய ஜானகி தேவர் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்து, பெண்களின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தது இந்நாட்டுச் சரித்திரத்தில் பதிந்த சம்பவம். 1944 ஜூலையில் காந்தியடிகளைத் தேசத்தின் தந்தை என்று விளித்துப் போஸ் ஆற்றிய உரையும் வானொலி உரையே. இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு: ஒரு தோட்டத்துக் கிராணி, ஒரே இரவில் சிங்கப்பூரின் தமிழை வெளிப்படையாகவும் லண்டனின் தமிழை உயிரைப் பணயம் வைத்தும் கேட்டிருக்கக் கூடும். இரு தரப்பாரும் தத்தம் வெற்றியையே கூறினார்கள். இருவருமே தோல்விகளைச் சுருக்கினார்கள். இரண்டையும் கேட்டு, இடைப்பட்ட உண்மையைத் தானே கணித்துக்கொள்ளும் சாமர்த்தியம், பள்ளிக்கூடம் எதிலும் கற்பிக்கப்படாமல் அந்த யுத்த காலத்தில் இங்கே பரவிற்று.

யுத்தம் முடிந்து 1946 ஏப்ரல் 1ஆம் நாள் ரேடியோ மலாயா சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது, மலாய், ஆங்கிலம், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அதன் நிரந்தர பாஷையாக அமைந்தது. 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி வெடித்து அவசரகாலம் அமலுக்கு வந்ததும், அதுவரை நேயராகக் கருதப்படாத தோட்டத் தொழிலாளியின் செவி அரசாங்கத்துக்கு அத்தியாவசியமாகிவிட்டது. காட்டோரத் தோட்டங்களிலும் புதுக் கிராமங்களிலும் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டு, பலர் கூடிக் கேட்கும் ஏற்பாடு விரிவாகச் செய்யப்பட்டது. காட்டிலிருப்போருக்கு உதவாதே, சரணடைந்தவனுக்குப் பயமில்லை என்று போதிப்பதே சர்க்காரின் நோக்கம். ஆனால், ஒரு முறை பெட்டி வந்துவிட்ட இடத்தில், போதனைக்கு முன்னும் பின்னும் ஒலித்த பாட்டும் நாடகமும் ஊர்ச் சமாசாரமுமே ஜனங்களைப் பிடித்து இழுத்தன. தலைமையிடம் 1959 ஜனவரி 1ஆம் நாள் கோலாலம்பூருக்கு மாறிற்று. அதற்குள் டிரான்சிஸ்டர் என்ற புது யுக்தி தோன்றியிருந்தது. டார்ச் விளக்குக்குப் போடும் பேட்டரியாலேயே வேலை செய்யும் சிறு பெட்டிகள் அறுபதுகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், மின்சாரமில்லாத லயத்து வீடும் உலகத்தோடு பிணைந்தது. பொதுப் பெட்டியில் மேலதிகாரி வைத்ததைக் கேட்டவன், இப்போது தன் விரலால் தனக்கு வேண்டியதைத் தேடலானான்.

அப்படித் தேடியவனுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருந்தது. அந்நாளில் மலாயாவின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முந்தியிருந்தது. இந்தியாவோ ஐந்தரை மணி முந்தியது. ஆகவே, தில்லியில் ஏழு அடித்தால் கிள்ளானில் ஒன்பது. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது மலேசியக் கடிகாரம் இன்னும் அரை மணி முன்னே தள்ளப்பட்டதால், பழகிய நேயர்கள் அந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அகில இந்திய வானொலி, தென்கிழக்காசியத் தமிழருக்கென்று தனியே ஒரு தமிழ்ச் சேவையை நடத்தி வந்தது. யுத்த காலத்தில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கொழும்பில் நிறுவிய வலிமை மிக்க சிற்றலைக் கருவியை 1949இல் ஏற்றுக்கொண்ட இலங்கை வானொலி, அடுத்த ஆண்டே வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கி, தமிழ்ச் சினிமாப் பாட்டைக் கடல் கடந்து அனுப்பிற்று. படை வீரனுக்கென்று வந்த யந்திரம் பாட்டு ரசிகனுக்குப் பயன்பட்டது. லண்டனிலோ, யாழ்ப்பாணத்தவரும் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலின் ஆசிரியருமான சோ. சிவபாதசுந்தரம் அங்கே பணியாற்றிய காலத்தில், தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்ற பெயரைச் சூட்டினார். இவர்கள் எல்லோரும் பேசிய தமிழ் ஒன்றாயினும், உச்சரிப்பும் நடையும் வேறு வேறு. பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் அடுத்தடுத்த வீட்டில் வாழ்ந்ததால், எந்த நிலையத்தின் தமிழ் செம்மையானது என்ற வழக்கு அங்கே என்றைக்கும் தீர்ப்பில்லாமல் நடந்துகொண்டிருந்ததில் ஆச்சரியமில்லை.

1963ஆம் ஆண்டு இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஜனவரி 20ஆம் நாள், உருவாகவிருந்த மலேசியாவை எதிர்க்கப் போவதாக இந்தோனேசிய அயல்நாட்டு மந்திரி சுபாந்திரியோ அறிவித்தார். ஒரு மாதம் நிறைவதற்குள், பிப்ரவரி 15ஆம் நாள், கோலாலம்பூர் ‘சுவாரா மலேசியா’ என்ற சிற்றலைச் சேவையைத் தொடங்கி வெளிநாட்டாருக்குத் தன் கட்சியை எடுத்துரைக்கலாயிற்று. மலேசியா என்ற தேசமோ செப்டம்பர் 16ஆம் நாள்தான் பிறந்தது. தேசம் பிறப்பதற்கு ஏழு மாதம் முன்பே அதன் குரல் பிறந்துவிட்டது! அதுவரை பிறர் குரலைக் கேட்கும் இடமாக மட்டும் இருந்த கிள்ளான் பள்ளத்தாக்கு, இனிப் பிறரை நோக்கிப் பேசும் இடமுமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், இந்தியாவோடு எல்லைப் போர் நடத்திய மறு வருஷமே, பீக்கிங் வானொலி தமிழில் பேசத் தொடங்கிற்று.

பீக்கிங்கின் கை அத்துடன் நிற்கவில்லை. மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் ‘மலாயாப் புரட்சியின் குரல்’ என்ற ரகசிய நிலையம், 1969 நவம்பர் 15ஆம் நாள் முதல் சீனாவின் ஹூனான் மாகாணத்திலிருந்து ஒலித்தது. சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் இடம் பெற்றது. தோட்டத் தொழிலாளியை அவசரகாலத்தில் சர்க்கார் எந்தக் காரணத்துக்காகத் தேடிப் போயிற்றோ, அதே காரணத்துக்காகச் சர்க்காரின் எதிரியும் தேடி வந்தார். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக் காலம் முழங்கிய அந்தக் குரல், 1981 ஜூன் 30ஆம் நாள் திடீரென்று ஓய்ந்தது. நேயர்கள் குறைந்ததால் அன்று. தென்கிழக்காசிய அரசுகளுடன் நட்பு நாடிய தெங் சியாவ்பிங், அதை நிறுத்திவிடுமாறு கட்சித் தலைவர் சின் பெங்கிடம் சொல்லிவிட்டதால்.

இந்தப் பெரிய விவகாரங்களுக்கு நடுவே, சிற்றலையை அரசியலுக்காக அல்லாமல் அதன் அற்புதத்துக்காகவே நேசித்த ஒரு கூட்டமும் உலகெங்கும் இருந்தது. தூரத்து நிலையத்தைப் பிடித்து, கேட்ட நேரம், அலைவரிசை, ஒலியின் வலிமை, இடையூறு ஆகியவற்றைக் குறித்து நிலையத்துக்கு எழுதினால், அதை ஒப்புக்கொண்டு நிலையத்தார் படத்தோடு கூடிய அட்டை ஒன்றை அனுப்புவார்கள். அந்த அட்டைகளைச் சேர்ப்பதே அவர்களுக்கு விரதம். மலேசிய வானொலியின் ஆறாவது சேவையான தமிழ் ஒலிபரப்பு, காஜாங்கிலிருந்து 4845 கிலோஹெர்ட்ஸில், அதாவது 62 மீட்டரில் வெளிவந்தது. உஷ்ணப் பிரதேசங்களில் இடி மின்னலின் இரைச்சல் மத்திய அலையை அதிகமாகக் கெடுப்பதால், உள்நாட்டு ஒலிபரப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட அலைத்தொகுதி அது. மலைக்கும் காட்டுக்கும் அப்பாலுள்ள தோட்டங்களுக்காக ஏற்பட்ட அந்த ஒலி, வான்நிலை கைகொடுத்த இரவுகளில் ஜப்பானுக்கும் வட ஐரோப்பாவுக்கும் எட்டியது. தமிழ் ஒரு சொல்லும் அறியாத அந்நாட்டு ரசிகர்கள், பாட்டின் ஜாதியைக் கொண்டே இது காஜாங்குத் தமிழ் என்று அடையாளம் கண்டு தங்கள் குறிப்புப் புத்தகத்தில் பதிந்துகொண்டார்கள்.

பண்பலையும், செயற்கைக் கோளும், பின்னர் இணையமும் பரவப் பரவச் சிற்றலைக்கு மவுசு குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாகி, தொழிலாளர் குடும்பங்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலத்துக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் பெயர்ந்த பிறகு, காட்டுக்கு அப்பால் ஒலி அனுப்ப வேண்டிய அவசியமும் தேய்ந்தது. சுவாரா மலேசியா 2011இல் சிற்றலையை விட்டு விலகிற்று. பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் நாள் முடிவுற்றது. ஜோகூரின் தெப்ராவிலிருந்து சிங்கப்பூரின் கிராஞ்சிக்கு மாறி, தலைமுறைக் கணக்காக லண்டன் குரலை இந்தப் பிரதேசத்துக்கு அஞ்சல் செய்து வந்த பி.பி.சி.யின் கருவிகளும் 2023இல் ஓய்ந்தன.

இந்த வரிசையை ஒருங்கே நோக்கினால் ஒரு நியதி தெளிவாகிறது. லண்டன் தமிழில் பேசத் தொடங்கியது யுத்தத்துக்காக. விடுத்தது வரவு செலவுக்காகவும் புதிய சாதனங்களுக்காகவும். ஹூனான் பேசத் தொடங்கியது புரட்சிக்காக, விடுத்தது ராஜதந்திரத்துக்காக. தொடங்கியபோதும் நிறுத்தியபோதும் கிள்ளான் நேயரிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. இவற்றுக்கு மாறாக, 1946இல் வேரூன்றிய உள்நாட்டுத் தமிழ் ஒலிபரப்பு, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் மாறியும், ரேடியோ மலாயா, ரேடியோ மலேசியா, மின்னல் எப்.எம். என்று பெயர் மாறியும், சிற்றலையிலிருந்து பண்பலைக்கு வழி மாறியும், இன்றளவும் அங்காசாபுரியிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறது. அதன் நேயர்கள் ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி, வாக்குச்சீட்டும் வைத்திருந்த பிரஜைகள். அதை நிறுத்த நினைப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தூரத்துக் குரலின் இனிமையை எவரும் மறுக்க மாட்டார்கள். உலகத்தை அறியவும், ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லோடு ஒப்பிட்டுத் தேறவும் அது கற்றுக் கொடுத்தது உண்மை. ஆனால், ஒரு சமூகம் தன் பாஷை நாளைக்கும் ஆகாயத்தில் ஒலிக்க வேண்டுமென்று விரும்பினால், தான் வாழும் தேசத்தின் நிலையத்தில் தனக்குள்ள உரிமையைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு மார்க்கம் கிடையாது.